சுண்டெலியும் சுவையுப்பும்

உப்பென்று சொல்லலாகாது, சர்க்கரையென்றும் சொல்லலாகாது. வெண்ணிறப் பளிங்குத் துகளாய், தனியே நாவிலிட்டால் பெரிதாக யாதொரு சுவையும் தோற்றாததாய், ஆயினும் சாற்றிலோ குழம்பிலோ ஒரு சிட்டிகை விழுந்தவுடன் உண்பாரை 'இன்னும் சிறிது' என்று கேட்கச் செய்வதாய் உள்ள ஒரு பொருள் நம் நாட்டுக் கடைகளில் அஜினோமோட்டோ என்னும் பெயரால் விலையாகின்றது. அஃது ஒரு வியாபாரப் பெயர். பொருளின் சாஸ்திரப் பெயர் மோனோசோடியம் குளுட்டமேட் என்பது. அப்பெயர் வாய்க்கு எளிதில் வசப்படாமையின், இக்கட்டுரையில் அதனைச் சுவையுப்பு என்றே வழங்குவேன். இதனைப்பற்றி நம்மவர் பேசும் பேச்சு பெரும்பாலும் ஒன்றே: "எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம், எலி கெட்டுப்போயிற்றாம்." எலிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வழியாகக் கொடுத்தார்கள், அதன் எத்தனையாம் நாளிற் கொடுத்தார்கள் என்று கேட்பார் அரியர். விலங்கியல் பயிலும் மாணவனாகிய யான் அவற்றைக் கேட்டே தீரவேண்டிய நிலை ஒன்று சென்ற ஆண்டில் நேர்ந்தது. அதனைக் கூறுமுன் சுவையுப்பின் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும்.

தோக்கியோ ஏகாதிபத்திய சர்வகலாசாலையில் இரசாயனப் பேராசிரியராயிருந்த கிகுனே இகேதா என்பார், கொம்பு என்னும் கடற்பாசியை வேகவைத்து வடித்த சாற்றின் இன்சுவைக்குக் காரணம் யாதென ஆராய்ந்து, 1908-ஆம் ஆண்டில் அது குளுட்டமிக் அமிலமே என்று கண்டார். அவ்வமிலம் புதியதன்று, ரிட்ஹௌஸன் என்னும் ஜெர்மானியர் 1866-ஆம் ஆண்டிலேயே கோதுமைப் பசையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்திருந்தனர். அதற்கொரு சுவை உண்டென்பதும், அச்சுவை ஏனைய சுவைகளுள் அடங்காததென்பதும் இகேதாவின் கண்டுபிடிப்பு. அதற்கு அவர் 'உமாமி' என்று பெயரிட்டார். மறு ஆண்டாகிய 1909-இல் அது புட்டியிலடைத்து விற்பனைக்கு வந்தது. முதலிற் கோதுமைப் பசையிலிருந்து எடுக்கப்பட்ட இப்பொருள், 1956-ஆம் ஆண்டில் ஜப்பானியர் அதற்கேற்ற ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்த பின்னர், கரும்புப் பாகையும் மாச்சத்தையும் புளிக்கவைத்தே பெறப்பட்டு வருகின்றது. நம் முன்னோர் சுவை ஆறென்று எண்ணினர். இனிப்பு, புளிப்பு, உப்பு, கார்ப்பு, துவர்ப்பு, கைப்பு என்னும் அவ்வாறனுள் உமாமிக்கு இடமில்லை. எனினும், நன்கு பழுத்த தக்காளியைக் கரைத்து வைத்த இரசத்தையும், கருவாட்டுக் குழம்பையும் சுவைத்த நா அதனை அறியாததன்று. பெயர்தான் நம்மிடம் இல்லை.

நிற்க. என் தமக்கைக்கு ஒரு பெண்மகவு உண்டு. சென்ற ஆண்டில் அதற்கு வயது இரண்டு. தன்னொத்த குழந்தைகளினும் சிறிது குள்ளம். மாதந்தோறும் சளியும் காய்ச்சலும் வந்துபோகும். உறவினர் ஒருவர் தம் கைப்பேசிக்கு வந்த செய்தி ஒன்றைக் குடும்பத்தார் பலர் நடுவே உரக்கப் படித்தார். சுவையுப்பு எலிகளின் வளர்ச்சி ஹார்மோனை அழிக்கின்றது, கருவளத்தைக் கெடுக்கின்றது, நோயெதிர்ப்பாற்றலைக் குலைக்கின்றது என்பது அச்செய்தி. படித்தவர் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். என் தமக்கை போகவில்லை. கருவுற்றிருந்த காலத்தில் வேறெவ்வுணவும் குமட்டிற்று என்று, தெருமுனைக் கடையின் ஃப்ரைட் ரைஸை வாரத்தில் மூன்று நான்கு நாள் வாங்கியுண்டது அவளுக்கு நினைவு வந்தது. அன்றிரவு அவள் என்னிடம், "தம்பி, என் குழந்தையின் வளர்ச்சியை நானே தின்றுவிட்டேன்" என்றாள். அவள் அழவில்லை, அழுதிருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும். கணக்குத் தீர்த்தவள்போல் அமைதியாகச் சொன்னாள். குழந்தை மருத்துவரோ, வளர்ச்சிக் கோட்டுப் படத்தில் வைத்துப் பார்த்து, குழந்தை சிறியதேயாயினும் பிறந்த நாள்தொட்டுத் தன் கோட்டினின்றும் இறங்கவில்லை என்று கூறியிருந்தார். மருத்துவர் சொல் அவளிடம் நிற்கவில்லை; எலி நின்றுவிட்டது. ஆதலின் யான் எலியைத் தேடிப் புறப்பட்டேன்.

எலியின் கதை 1957-ஆம் ஆண்டில் தொடங்குகின்றது. லூகஸ், நியூஹவுஸ் என்னும் இருவர், பிறந்து சின்னாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குக் குளுட்டமேட்டை ஊசியாற் செலுத்தியபோது, அவற்றின் விழித்திரையின் உள்ளடுக்குகள் அழிந்துபோதலைக் கண்டனர். அமெரிக்க நாட்டில் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில் மனநோய் மருத்துவராயிருந்த ஜான் ஓல்னி என்பார் இவ்வாய்வைத் தாமும் செய்து பார்த்தார். விழியைக் காணப் புகுந்த அவர் கண்டது வேறொன்று. ஊசியிடப்பட்ட குட்டிகள் வளர்ந்து பெரியனவானபோது பருத்துப்போயின. பருத்தன வேயன்றி நீளவில்லை. உருண்டு திரண்டு, சோம்பிக் கிடந்தன. இத்தனைக்கும் அவை மற்ற எலிகளைக்காட்டிலும் மிகுதியாகத் தின்னவுமில்லை. பெண்ணெலிகள் பல மலடாயின. மூளையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து நோக்கிய ஓல்னி, ஹைப்போதலமஸ் என்னும் பகுதியின் அடியில், வில்போல் வளைந்து கிடக்கும் ஒரு நரம்பணுத் திரள் செத்துக் கிடத்தலைக் கண்டார். 1969-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் பத்திரிகையில் இஃது வெளிவந்தது. குளுட்டமேட் என்பது மூளையில் ஒரு நரம்பணு மற்றொன்றைத் தூண்டும் தூதுப் பொருள். அத்தூண்டல் அளவு கடந்தபோது நரம்பணு கிளர்ந்து கிளர்ந்தே இறந்துபடுகின்றது என்பது ஓல்னியின் விளக்கம். பக்கவாதம் முதலிய நோய்களில் மூளை அழியும் வகையை அறிய அக்கருத்து பின்னாளிற் பெரிதும் பயன்பட்டது. எனவே, ஓல்னியின் எலியைப் பொய்யென்று தள்ளுதற்கு இடமே இல்லை. 'அதெல்லாம் வெறும் வதந்தி' என்று சுவையுப்பின் பக்கம் நின்று பேசுவாரும் நூலைத் திறந்து பாராதவரே.

இனி, ஒரு சிறு நரம்பணுத் திரள் அழிந்தமையால் உடல் முழுதும் ஏன் நிலைகுலைதல் வேண்டும்? பெரிய பண்ணை வீடுகளிற் கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்பார். நெல் அளப்பதும், கூலி கொடுப்பதும், விதைக்கு எடுத்து வைப்பதும் அவர் சொற்படியே நடக்கும். அவர் தாமாக மண்வெட்டியைத் தொட்டதில்லை. ஆயினும் அவர் இல்லாத வீட்டில் களஞ்சியம் ஒருபுறம் நிரம்பி வழிய, வயல் மற்றொருபுறம் தரிசாய்க் கிடக்கும். அவ்வில்வடிவத் திரள் அத்தகையது. பிட்யூட்டரிச் சுரப்பியை நோக்கி, 'வளர்ச்சி ஹார்மோனை விடு' என்று ஆணையனுப்பும் நரம்பணுக்கள் அங்கு உள்ளன. அவை அழிந்தமையின் எலி நீளவில்லை. கொழுப்பணுக்கள் அனுப்பும் லெப்டின் என்னும் ஹார்மோனை ஏற்று, 'சேமித்தது போதும்' என்று அறியும் நரம்பணுக்களும் அங்கேயே உள்ளன. அவையும் அழிந்தமையின் இரத்தத்தில் லெப்டின் நிறைந்திருந்தும் அதனைக் கேட்பார் இல்லை. இன்சுலின் மிகுந்தது, கொழுப்புச் சேர்ந்தது, இனப்பெருக்க உறுப்புக்களை ஆளும் ஆணைகளும் தளர்ந்தன.

இன்னும் ஒன்று. அவ்வெலிகள் பலவற்றின் இரத்தத்தில் அட்ரீனல் சுரப்பியின் கார்ட்டிகோஸ்டிரோன் இயல்பினும் மிகுந்திருத்தல் பல ஆய்வுகளில் அளந்தறியப்பட்டுள்ளது. 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், சுவையுப்புச் செலுத்தப்பெற்ற சுண்டெலிகளினின்றும் அட்ரீனல் சுரப்பிகளை அறுத்தெடுத்துவிட்டனர், அவை பருக்கவில்லை. மூளையில் விழுந்த அடி சிறுநீரகத்தின் மேலமர்ந்த ஒரு சுரப்பியின் வழியாகவே உடலைப் பருக்கச் செய்கின்றது என்று இதனாற் பெறப்படும். இவ்விடத்தைப் படித்தபோது யான் வந்த காரியத்தைச் சற்று மறந்துபோனேன் என்பதை மறைப்பானேன்? ஓர் உறுப்பு நோக மற்றோர் உறுப்புப் பதில் சொல்லும் இக்கூட்டுக் குடும்பத்தை எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

நோயெதிர்ப்பாற்றல் இக்குடும்பத்துள் எவ்வாறு வந்து புகுகின்றது என்பதே இனிக் காணவேண்டுவது. மார்பெலும்பின் பின்னே, இதயத்தின் மேற்புறத்தில், தைமஸ் என்னும் ஒரு மெல்லிய சுரப்பி உண்டு. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களுள் ஒரு வகையின எலும்பு மச்சையிற் பிறந்து, இத்தைமஸிற் பயிற்சி பெற்றே வெளிவருகின்றன. கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செலியே என்பார் 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கடிதமொன்றில், குளிர், காயம், நஞ்சு முதலிய எவ்வகைத் துன்பத்துக்கு எலியை ஆளாக்கினாலும், அட்ரீனல் பருத்துத் தைமஸ் சுருங்குதலைக் காட்டினார். அட்ரீனலின் ஹார்மோன் மிகின் தைமஸ் தேயும் என்பது அன்றுமுதல் உறுதிப்பட்டது. வளர்ச்சி ஹார்மோனோ இதற்கு நேர்மாறாகத் தைமஸை வளர்ப்பது. 1986-ஆம் ஆண்டில் கெல்லி என்பாரும் அவரோடிணைந்தோரும், வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் அணுக்களை முதிய எலிகளின் உடலிற் பதித்தபோது, முதுமையாற் சுருங்கிப்போன தைமஸ் மீண்டும் தழைத்தது. இவ்விரண்டையும் நம் எலியோடு பொருத்திப் பார்மின்: தைமஸை வளர்க்கும் ஹார்மோன் குறைந்துவிட்டது, தேய்க்கும் ஹார்மோன் மிகுந்துவிட்டது. பிறந்தவுடன் சுவையுப்பு ஊசி பெற்ற சுண்டெலிகளில், புற்றணுக்களையும் கிருமி புகுந்த அணுக்களையும் தேடிக் கொல்லும் வெள்ளணுக்களின் ஆற்றல் குன்றியிருத்தலை ஆய்வாளர் அளந்து கண்டது இதனால் வியப்பன்று. சுவையுப்பு அவ்வெள்ளணுக்களைத் தேடிச்சென்று கொன்றதில்லை. கணக்குப்பிள்ளை இறந்தார், காவற்காரனுக்குப் படி அளப்பார் இல்லாமற் போயிற்று.

ஆகவே, உறவினர் படித்த செய்தியின் சொற்கள் ஒவ்வொன்றும் எலியைப் பொறுத்தவரை மெய்யே. மெய்யான சொற்களாலேயே ஒரு தாயை வாட்டமுடியும் என்பதைத்தான் யான் அதுகாறும் எண்ணிப் பார்த்ததில்லை. அச்செய்தியில் இல்லாதவை மூன்று: ஊசி, நாள், அளவு.

ஊசி என்றேன். அக்குட்டிகள் சுவையுப்பை உண்ணவில்லை, தோலின்கீழ்ச் செலுத்தப்பெற்றன. உண்ணப்படும் குளுட்டமேட்டின் பெரும்பகுதியைக் குடலின் சுவரே தனக்கு எரிபொருளாகக் கொண்டுவிடுகின்றது. பன்றிக்குட்டிகளில் அளந்து பார்த்தபோது, உண்டதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேலாகவே குடல் எரித்துவிட்டது. ஊசியோ குடலென்னும் வாயிற்காவலனைத் தாண்டிச் செல்லும் கள்ளவழி.

நாள் என்றேன். ஊசி இடப்படுவது பெரும்பாலும் பிறந்த முதற் பத்து நாட்களுக்குள். எலிக்குட்டி கண் திறவாமலும் மயிர் முளையாமலும் பிறப்பது. அதன் அப்போதைய மூளை, மனிதக் குழவி கருவறையின் இறுதி மாதங்களிற் பெற்றிருக்கும் மூளையை ஒத்தது. போதாக்குறைக்கு, இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குட் புகாவண்ணம் காக்கும் அரண், அவ்வில்வடிவத் திரளின் அருகே இயல்பாகவே தளர்ந்திருக்கின்றது. வளர்ந்த எலிக்கு இதே கேட்டினைச் செய்தல் எளிதன்று.

அளவு என்றேன். வழக்கமாக இடப்படுவது உடலெடையில் ஒரு கிலோவுக்கு 4 கிராம் வீதம். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாளாகப் பலமுறை. அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நேர்விகிதப்படி இது ஒரு வேளைக்கு 240 கிராம். சிற்றுயிர்களின் உடல் எதனையும் விரைந்து எரிப்பதாதலின் நேர்விகிதம் பொருந்தாது, சுண்டெலிக்கான அளவைப் பன்னிரண்டால் வகுத்தல் வேண்டும் என்பார் உளர். அவ்வாறு வகுத்தாலும் 20 கிராம் நிற்கின்றது. அதுவும் ஊசியால், ஒரே வேளையில்.

குரங்குகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குரங்குக் குட்டி ஒன்றிலும் இத்தகைய கேட்டைக் கண்டதாக ஓல்னி 1969-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1971-ஆம் ஆண்டில் ரெனால்ட்ஸ் முதலியோர் புதிதாய்ப் பிறந்த குரங்குக் குட்டிகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்து, கேடு யாதும் காணவில்லை என்றனர். வழக்கு நெடுநாள் நடந்தது. என் தமக்கையின் கவலைக்கு நேரே விடை தருவது மற்றொரு குரங்காய்வு. கருவுற்ற குரங்குகளின் இரத்தத்திற் குளுட்டமேட்டை நேரே செலுத்தியபோதும், தாயின் இரத்தத்தில் அதன் அளவு மிகமிக உயர்ந்தாலன்றிச் சிசுவின் இரத்தத்தில் அஃது உயரவில்லை. நச்சுக்கொடி அதனை எளிதிற் கடக்க விடுவதில்லை. அன்றியும், தாய்ப்பாலில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களுள் மிகுதியானது குளுட்டமேட்டே.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் தமக்கைக்குச் சொன்னேன். குரங்கையும் குடலையும் பன்னிரண்டால் வகுத்த கணக்கையும் அவள் பொறுமையுடன் கேட்டாள். அவற்றுள் எதுவும் அவள் முகத்தை மாற்றவில்லை. இறுதியில் அவளே ஒரு வினா வினவினாள்: "அந்தக் குட்டிகளின் தாய் எலி என்ன தின்றது?"

"எல்லா எலிகளும் தின்னும் தீனிதான், அக்கா."

"அப்படியானால் ஊசியைப் போட்டது யார்?"

"ஆராய்ச்சி செய்தவர்கள்."

"போட்டபின் குட்டியைத் தாயிடமே விட்டார்களா?"

"ஆம். தாய்தானே பால் கொடுக்க வேண்டும்."

அவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாவம், அதற்குத் தெரியாது" என்றாள். அந்த 'அதற்கு' என்பது தாயெலியையே குறித்தது. அன்றிரவு அவள் நெடுநாட்களுக்குப்பின் வயிறார உண்டாள் என்று அம்மா சொன்னார்கள். தெருமுனைக் கடைக்கு அவள் இன்றும் போவதில்லை. காரணம் கேட்டால், கடைக்காரர் எண்ணெயை மாற்றுவதில்லை என்கின்றாள்.

ஆயின், எலியின் ஊசியைக் காட்டி மனிதரின் தட்டை முற்றிலும் விடுவித்துவிடுதலும் தகாது. வளர்ந்த எலிகளுக்கு வாய்வழியே ஊட்டி, ஆண் ஹார்மோன் குறைந்ததென்றும், ஈரலிலும் விந்துப்பையிலும் கேடு கண்டதென்றும் கூறும் ஆய்வுகள் பல வெளிவந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுட் பல, எந்தச் சமையலறையிலும் காணமுடியாத பேரளவுகளைக் கொண்டு செய்யப்பட்டவை. ஆயினும் அவற்றை நகைத்து ஒதுக்குவது எனக்கு உடன்பாடன்று. பேரளவிற் கேடு தருவது எவ்வளவிற் கேடு தராது நிற்கும் என்று கேட்பதற்கே எலி இருக்கின்றது.

அவ்வாறு கேட்டவர்கள் பெற்ற விடைகளும் ஒன்றாயில்லை. ஓல்னியின் கட்டுரை வெளிவந்த 1969-ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க நாட்டின் பெரிய குழந்தையுணவு உற்பத்தியாளர்கள் சுவையுப்பைத் தம் உணவுகளிற் சேர்ப்பதைத் தாமாகவே நிறுத்தினர். 1987-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூடி அமைத்த வல்லுநர் குழு, இதற்கு நாளளவு குறிக்க வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது. 2017-ஆம் ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவ்வாறு விடாமல், குளுட்டமிக் அமிலமாகக் கணக்கிட்டுக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் என்று வரையறுத்தது. கிலோவுக்கு 3,200 மில்லிகிராம் ஊட்டியும் எலிகளின் நரம்பு வளர்ச்சியிற் கேடு காணாத ஓர் ஆய்வை எடுத்து, அதனை நூறால் வகுத்துப் பெற்ற எண் அது. எலிக்கும் மனிதர்க்குமுள்ள வேற்றுமைக்காகப் பத்தும், மனிதர்க்கும் மனிதர்க்குமுள்ள வேற்றுமைக்காகப் பத்துமாக நூறு. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள், சுவையுப்புச் சேர்த்த பொட்டலங்களின்மேல், பன்னிரண்டு மாதங்களுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று அச்சிடச் செய்தன. கண் திறவாத சுண்டெலிக் குட்டிகளின் நினைவு அவ்வொரு வரியில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

என் தமக்கை மகளின் எடை இப்பொழுது பத்தரைக் கிலோ. ஐரோப்பியர் கணக்குப்படி அவளுக்கு நாளொன்றுக்கு 315 மில்லிகிராம். சுவையுப்பாக மாற்றினால் ஏறக்குறைய 400. அஃது எவ்வளவு என்று காண விரும்பி, கல்லூரி ஆய்வுக்கூடத்துத் தராசில் ஒருநாள் நிறுத்தேன். இரு விரல்களுக்கிடையே அடங்கும் ஒரு சிட்டிகை. அதனை ஒரு தாளில் மடித்து, மேலே எண்ணை எழுதி, அவள் வீட்டு அஞ்சறைப்பெட்டியின் அருகில் வைத்துவிட்டு வந்தேன்.